வாடகைக்கு விடப்படும்

நாள்தோறும் பல்லாயிரம் பேர் வாசிப்பதும், ஆயின் இலக்கியம் பயில்வோர் எவரும் ஏறெடுத்தும் பாராததுமான ஓர் உரைநடை வகை தமிழில் உண்டு. அது வாடகை வீட்டு விளம்பரம். "வெள்ளவத்தையில் இரண்டு அறைகள் கொண்ட தொடர்மாடி மனை வாடகைக்கு விடப்படும்" எனத் தொடங்கித் தொலைபேசி இலக்கமொன்றுடன் முடியும் அவ்வுரைநடையின் இலக்கணத்தை ஒருமுறை நோக்குதல் தகும். விடுகின்றவர் யார் என்பது அதிற் சொல்லப்படுவதில்லை. வினை செயப்பாட்டு வினை. எழுவாயாக நிற்பது மனை. மனிதர் எவரும் அவ்வாக்கியத்திற் குடியிருப்பதில்லை. மனிதர் வருவது அதற்கடுத்த வாக்கியத்திலேதான். அதுவும் "சிறிய குடும்பத்தினர் விரும்பத்தக்கது", "உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு மட்டும்", "தமிழ்க் குடும்பத்தினர் மாத்திரம் தொடர்பு கொள்ளவும்" என்றவாறு, உள்ளே வரத்தக்கவர் யார், வரத்தகாதவர் யார் என வாசலில் நின்று வினவும் வாக்கியமாகவே வரும். இக்கட்டுரையிற் பெரும்பகுதி அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியது.

பத்திரிகைகளின் காலத்தில் விளம்பரத்துக்குச் சொல்லெண்ணி விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1930 இல் தோன்றிய வீரகேசரியிலும் 1932 இல் தோன்றிய தினகரனிலும், ஆங்கிலத்திற் படிப்போருக்கு ஞாயிறு ஒப்சேவரிலும், வரி விளம்பரங்களுக்கென ஒதுக்கப்பட்ட பக்கங்களை விரலால் தடவித் தடவி வாசித்த ஒரு தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. சொல்லுக்கு விலை இருந்தமையால் வீட்டின் வருணனை சுருங்கிற்று. அறை எத்தனை, இடம் எது, இலக்கம் என்ன என்பவற்றோடு நின்றது. ஆனால் இரண்டாவது வாக்கியம் மட்டும் பெரும்பாலும் சுருங்கவில்லை. குளியலறை எத்தனை என்பதைச் சொல்ல மனமின்றிப் பணத்தை மிச்சம் பிடித்தவர்கூட, யாருக்கு வீடு கொடுக்கமாட்டேன் என்பதைச் சொல்லப் பணம் செலவழித்தார். ஒரு சமூகம் எதற்குத் தயங்காமற் காசு கொடுக்கிறது என்பதைக் கொண்டு அதன் அச்சங்களை அளக்கலாமெனில், அந்தப் பழைய பக்கங்கள் நல்லதோர் ஆவணக் களஞ்சியம்.

இணையம் வந்ததும் சொல்லின் விலை ஏறத்தாழ ஒழிந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1995 இல் கிரேக் நியூமார்க் என்பவர் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய ஒரு பட்டியலாகத் தொடங்கியதே பின்னர் கிரெய்க்ஸ்லிஸ்ட் எனும் பெரும் விளம்பரத் தளமாயிற்று. அமெரிக்கப் பத்திரிகைகளின் வரி விளம்பர வருவாயை அரித்தவற்றுள் அது முதன்மையானது. இலங்கையில் 2012 இல் இக்மன் தளம் வந்தது. 'இக்மன்' என்ற சிங்களச் சொல்லுக்கு விரைவு என்பது பொருள், பொருத்தமான பெயர்தான். அதன் பின்னர் முகநூலின் விற்பனைப் பக்கங்களும், வட்ஸ்அப் குழுக்களும் அதே பணியைச் செய்யத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கவேண்டிய நிலை போய், காலையில் இட்ட விளம்பரத்துக்கு மதியத்திற்குள் பதில் வருகின்ற நிலை ஏற்பட்டது.

இவ்விடயத்தில் எனக்கு அறிவு ஏற்பட்டது நூல்களால் அன்று. ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையாருக்கு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், ஐந்தாம் மாடியில் ஒரு மனை உண்டு. போர் முடிந்த சில ஆண்டுகளில் வாங்கியது. வெள்ளவத்தையின் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகளாக எழுந்தமைக்குப் பின்னால் இத்தகைய வெளிநாட்டு உழைப்பு எவ்வளவு இருக்கிறதென்பது அங்கு நடந்து திரிவோர் அறிந்ததே. ஒரே கட்டிடத்தில் ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொருவர் தனித்தனியே உடைமையாக்கிக் கொள்வதற்கு வழிசெய்த 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனை உடைமைச் சட்டம் இல்லையேல் அக்கட்டிடங்கள் இன்றுள்ள வடிவில் எழுந்திரா. அக்காவின் மனையில் ஆறு ஆண்டுகள் இருந்த குடும்பம் 2024 இல் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. புதியவர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு, கொழும்பில் இருக்கும் தம்பி என்ற முறையில் என் தலையில் விழுந்தது. தரகர் வேண்டாம் என்பது அக்காவின் நிபந்தனை. ஒரு மாத வாடகையைத் தரகுக் கூலியாகக் கொடுப்பதில் அவருக்கு விருப்பமில்லை.

விளம்பரம் எழுதுதல் எளிதென எண்ணுவோர் ஒருமுறை எழுதிப் பார்த்தல் நன்று. முதலிற் படம். அகன்ற கோணத்திற் படம் பிடிக்கும் வசதி இன்றைய கைத்தொலைபேசிகளில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் பத்தடி அறை மண்டபம்போற் தோன்றும். அவ்வாறு செய்தால் அழைப்புகள் பெருகும். ஆனால் நேரில் வந்தவர் கதவைத் திறந்ததும் முகம் சுருங்குவார். எனவே சாதாரணக் கோணத்திலேயே எடுத்தேன். காலை ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், கிழக்கு யன்னல் வழியாக வெளிச்சம் தரையில் விழும் நேரம் அதற்கு உகந்தது. அடுத்துப் பரப்பளவு: 850 சதுர அடி. அடுத்து, மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, புறம்பா என்பது. இதனை எழுதாது விடுவோரே அதிகம். அதனாலேயே முதற் சந்திப்பிற் சச்சரவு எழுகிறது. லிப்ட் ஒன்றுதான், மாதத்தில் ஒருமுறையேனும் பழுதாகும் என்பதையும், கடற்காற்றினாற் பல்கணிக் கம்பிகள் துருவேறியுள்ளன என்பதையும் எழுதினேன். வாடகை 95,000 ரூபா, ஆறு மாத முற்பணம், ஈராண்டு ஒப்பந்தம். குறைகளை எழுதியமை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் ஐந்து மாடி ஏறிவந்து ஏமாறாமல் அவ்வொரு வரி தடுத்தது.

விளம்பரத்தில் இடம்பெறும் வசதிகளின் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறுவதும் கவனிக்கத்தக்கது. 2020 இல் கொரோனாத் தொற்று வந்தபின் "வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியான தனியிடம்" என்ற தொடர் புதிதாக வந்து சேர்ந்தது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவியதன் பின்னர், "மின்பிறப்பாக்கி உண்டு" என்பது கடல் தெரியும் என்பதற்கும் முன்னால் வந்து நின்றது. அதே ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, தளபாடங்களுடன் கூடிய மனைகளுக்கு டொலரில் வாடகை கேட்போர் பெருகினர். மின்பிறப்பாக்கிக்கு இன்று முன்போல மவுசில்லை. பஞ்சாங்கத்தைவிட இவ்விளம்பரங்கள் நாட்டு நடப்பை நேர்மையாகக் காட்டுகின்றன என்பது என் எண்ணம்.

இலவசமாக விளம்பரம் இடலாம் என்பதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். புதிதாக வருவது மேலே நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் அது கீழே தள்ளப்பட்டுவிடும். மீண்டும் மேலே வரவேண்டுமெனிற் பணம் செலுத்தவேண்டும். சொல்லுக்குக் கொடுத்த விலையை இப்போது இடத்துக்குக் கொடுக்கிறோம், அவ்வளவே. முதல் நாள் வந்த அழைப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவை தரகர்களுடையவை. வேண்டாம் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர்களுட் சிலர் என் படங்களை எடுத்துத் தம் இலக்கத்துடன் வேறு பக்கங்களில் இட்டுவிட்டனர். இதனினும் தீயது மற்றொன்று. பிறருடைய படங்களை இட்டு, சந்தை விலையிலும் வெகு குறைந்த வாடகையைக் குறிப்பிட்டு, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், இன்னும் பலர் கேட்கிறார்கள், ஒரு மாத முற்பணத்தை வங்கியில் இட்டால் வீட்டை உங்களுக்கென வைத்திருப்பேன்" என்று கூறிப் பணம் பறிப்போர் உலகெங்கும் உள்ளனர். வீட்டின் கதவைத் திறந்து பார்க்காமல் ஒரு ரூபாவும் அனுப்பலாகாது என்பதை, ஊரிலிருந்து கொழும்புக்கு வரவிருக்கும் இளைஞர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இனி இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம்.

விளம்பரத்தை எழுதி அக்காவுக்கு அனுப்பியபோது அவர் திருப்பி அழைத்தார். "தம்பி, தமிழ் ஆக்களுக்கு மட்டும் எண்டு போடேல்லையே? யாழ்ப்பாணத்து ஆக்கள் எண்டு போட்டால் இன்னும் நல்லம்" என்றார். அவ்வரியை இடமுடியாது என்று நான் கூறினேன். சட்டம் தடுக்கிறதா என்று கேட்டார். இலங்கைச் சட்டம் தடுக்கவில்லை, நான்தான் தடுக்கிறேன் என்றேன். சில கணங்கள் மறுமுனை மௌனமாயிருந்தது.

சட்டம் தடுக்கவில்லை என்று நான் கூறியது விளையாட்டுக்கன்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இன, மத, மொழி, சாதி முதலிய காரணங்களால் எவருக்கும் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. ஆயின் அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றை நாடும் வழி, அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கெதிரானது. தனியாரையும் உள்ளடக்கக்கூடியதாகப் பேசும் மூன்றாம் பந்தி, கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், களியாட்ட இடங்கள், தத்தம் மதத்தின் வழிபாட்டுத் தலங்கள் என்று பெயர் சொல்லி எண்ணுகிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. பிரித்தானியாவின் 1965ஆம் ஆண்டு இன உறவுச் சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே பொது இடங்களோடு நின்றது. கறுப்பினத்தவருக்கும் ஐரிஷ்காரருக்கும் வீடு இல்லை என யன்னலிற் பலகை தொங்கவிட்ட வீட்டுக்காரரை அது தொடவில்லை. மூன்றாண்டு கழித்து, 1968 இல், வீட்டையும் விளம்பரத்தையும் சேர்த்துச் சட்டத்தை விரித்தனர். அதே ஆண்டு ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில், அமெரிக்காவும் தன் நியாய வீடமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது.

அந்த அமெரிக்கச் சட்டத்தில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த நுட்பமொன்று உண்டு. தான் குடியிருக்கும் சிறு கட்டிடத்தில் நான்கு வீடுகளுக்கு மேற்படாதிருப்பின், உரிமையாளர் தமக்கு விருப்பமானவரைத் தெரிந்துகொள்வதிற் சட்டம் பெரும்பாலும் தலையிடுவதில்லை. ஆயினும் அதே உரிமையாளர் "இன்னார் வேண்டாம்" என்று விளம்பரஞ் செய்தல் குற்றமாகும். செயலை மன்னிக்கும் சட்டம் சொல்லை மன்னிக்கவில்லை! முதல் வாசிப்பில் இது பாசாங்கென்றே எனக்குத் தோன்றியது. பின்னர், பலரறிய எழுதப்படும் சொல் ஒரு வீட்டை மட்டும் பூட்டுவதில்லை, தெருவையே பூட்டுகிறது என்பதை எண்ணிப் பார்க்கையில் அதன் நியாயம் புலப்பட்டது.

இச்சட்டம் இணைய விளம்பரங்களின்மேற் பாய்ந்தபோது சிக்கல் எழுந்தது. கிரெய்க்ஸ்லிஸ்டில் இனத்தையும் பிள்ளைகள் உண்மையையும் காட்டி ஒதுக்கும் விளம்பரங்கள் இடம்பெறுவதாகச் சிக்காகோ வழக்கறிஞர் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 2008 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், எழுதியவரே பொறுப்பாளி, தளம் அன்று எனத் தீர்த்தது. பிறர் இடும் செய்திகளுக்குத் தளத்தைப் பொறுப்பாக்காத 1996ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு ஆதாரம். அதே ஆண்டில், அறைத்தோழரைத் தேடித்தரும் மற்றொரு தளத்தின் வழக்கில் வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றம், பயனரைக் கட்டாயக் கேள்விகள் கேட்டுத் தரம்பிரிப்பது தளமே எனில் அப்பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்றது. (அறைத்தோழரைத் தெரிவது அச்சட்டத்துள் அடங்காதென 2012 இல் அவ்வழக்கு முடிந்தது வேறு கதை.) பின்னர் முகநூல். வீட்டு விளம்பரம் இடுவோர் வயது, பால், அஞ்சற் குறியீடு ஆகியவற்றைக் கொண்டு பார்ப்போரைத் தெரியும் வசதியை அங்கு வைத்திருந்தனர். குடியுரிமை அமைப்புகள் தொடுத்த வழக்குகளின் பயனாக 2019 மார்ச்சில் அதனை நீக்க உடன்பட்டனர். பத்திரிகையில் "உனக்கு இல்லை" என்ற வரியை விலக்கப்பட்டவரும் வாசித்தார். ஆத்திரப்படவேனும் அவருக்கு ஒன்று இருந்தது. இங்கோ, அவ்விளம்பரம் அவர் கண்ணிற் படுவதேயில்லை.

அக்காவுடன் மீண்டும் பேசியபோது ஒன்ராறியோவைப் பற்றிக் கேட்டேன். 1988 இல் அகதியாகச் சென்றிறங்கி, ஸ்காபரோவில் முதல் வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அவர். இனத்தையும் பிறந்த இடத்தையும் காட்டி வீடு மறுக்கலாகாது என்னும் அம்மாகாணத்தின் மனித உரிமைக் கோவை 1962 இல் முதன்முதல் இயற்றப்பட்டது. குளியலறையையோ சமையலறையையோ உரிமையாளரோடு பகிரும் வீடுகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. "உங்களுக்கு அண்டைக்கு வீடு தந்த வெள்ளைக்காரன் உங்கடை ஊர் எதெண்டு கேட்டவனோ, அக்கா?" என்றேன். அவர் கோபிக்கவில்லை. அவர் சொன்ன மறுமொழியை இங்கு நியாயமாகப் பதிவு செய்யவேண்டும். கனடாவில் வாடகைக்காரர் பணம் கட்டாவிடின் முறையிட ஒரு மன்று உண்டு. இங்கே வழக்குப் போட்டால் பிள்ளை வளர்ந்து பேரன் பிறந்தபின்தான் தீர்ப்பு வரும் என்றார். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போருக்கு அளித்த பாதுகாப்பினால், வீட்டை இழந்ததற்குச் சமமான நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் எங்கள் உறவிலேயே இருவர். அச்சட்டத்தின் பிடி பின்வந்த திருத்தங்களாற் பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆயினும் அச்சம் தளரவில்லை. சட்டத்தை நம்பமுடியாதவர் ஆளை நம்பப் பார்க்கிறார். ஆளை அறியாதவர் ஊரை நம்பப் பார்க்கிறார். அக்காவின் வரியில் இருந்தது வெறுப்பு மட்டுமே என்று கூறின் அது பொய்யாகும்.

ஆனால் அந்த ஊர் என்ற கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பதை நாமிருவருமே அறிவோம். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் மற்றொருவரிடம் "எந்த இடம்? ஊரில் எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்று படிப்படியாக இறங்கிக் கேட்பது புவியியல் ஆர்வத்தினால் அன்று. அதேவேளை, கொழும்பில் வீடு தேடிய தமிழர் கேட்கப்பட்ட கேள்விகளையும் நாம் மறக்கவில்லை. போர்க்காலத்திற் பொலிஸ் பதிவு இன்றி அறை கிடையாது. பதிவு இருந்தாலும் சிங்கள வீட்டுக்காரர் தயங்குவார். அவர் தயங்குவதற்கும் காரணம் வைத்திருந்தார். 2007 ஜூன் 7ஆம் நாள் விடியலில் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்புக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. 2019 ஏப்ரற் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் அதே தயக்கத்தை முஸ்லிம் குடும்பங்கள் சந்தித்தன. அவர்களுக்குக் கதவைச் சாத்தியவர்களுள் முன்னர் கதவு சாத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். தனியே வாழும் பெண்ணுக்கும் மணமாகாத இளைஞருக்கும் எக்காலத்திலும் இத்தயக்கம் உண்டு.

வரி இல்லாமலேயே விளம்பரம் வெளிவந்தது. மூன்றாம் நாள் மாலை ஒரு பெண் அழைத்தார். ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவர், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்திற் கணக்காளர், தம்பியும் உழைக்கிறார், தாயாரையும் அழைத்துவந்து சேர்ந்திருக்க வீடு வேண்டும் என்றார். எனக்கு வந்த அழைப்புகள் யாவும் வாடகை குறையுமா என்று தொடங்கின. இவர் மட்டும், "சேர், நாங்க மலையகம். எங்களுக்குக் கொடுப்பீங்களா?" என்று தொடங்கினார். விளம்பரத்தில் அவ்வாறு எதுவும் இல்லையே என்றேன். "இல்லாததுனாலதான் கேக்கிறேன் சேர். போட்டிருந்தா கூப்பிடாம விட்டிருப்போம். போடாத இடத்துக்கெல்லாம் ரெண்டு பஸ் பிடிச்சுப் போய், வீட்டைப் பார்த்து, பிடிச்சுப் போனப்புறம்தான் ஊரைக் கேக்கிறாங்க" என்றார்.

அவ்வரியை நான் நீக்கியதில் எனக்கிருந்த திருப்தி அக்கணத்திற் சற்றே ஆட்டங்கண்டது. எழுதப்பட்ட விலக்கு அவருக்குப் பஸ் காசை மிச்சப்படுத்துகிறது. எழுதப்படாத விலக்கு அவரை வாசல்வரை வரவழைத்துத் திருப்புகிறது. அமெரிக்கச் சட்டத்தின் நுட்பத்தை நான் வியந்ததுபோல் அவர் வியக்கமாட்டார். இவ்வாதத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. வாசலில் வைத்துக் கேட்கப்படும் கேள்வியை வாசலில் வைத்தே மறுக்கலாம் என்பது மட்டும்தான் என்னாற் கூறக்கூடியது. அதற்கு வாசலில் நிற்பவர் உள்ளத்தில் ஏற்கெனவே வரி எழுதாதவராக இருக்கவேண்டும்.

மூவரும் ஞாயிற்றுக்கிழமை வந்து மனையைப் பார்த்தனர். தாயார் குழாய்களைத் திறந்து நீரின் வேகத்தைப் பார்த்தார். சமையலறை யன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தார். துருவேறிய கம்பிகளைத் தட்டிப் பார்த்து, "சொன்ன மாதிரித்தான் இருக்கு" என்றார். வீடு பார்க்க வந்தவர்களுள் அவரைப்போல முறையாகப் பார்த்தவர் வேறெவருமில்லை. அன்றிரவு அக்காவுக்கு விபரம் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்தார். உத்தியோகக் கடிதங்களைக் கேட்டார், அனுப்பினார்கள். வங்கிக் கூற்றைக் கேட்டார், அதையும் அனுப்பினார்கள். இறுதியிற் சம்மதித்தார், ஆனால் ஆறு மாதத்துக்குப் பதிலாக ஒரு வருட முற்பணம் வேண்டும் என்றார். 570,000 ரூபா 1,140,000 ரூபாவாகிறது. அதற்கு முன் வந்த யாழ்ப்பாணத்துத் தம்பதியரிடம் அவர் ஆறு மாதமே கேட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

நான் அப்பெண்ணிடம் அதைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. தம் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த விளம்பரத்தின் படத்தை எனக்கு அனுப்பினார். "ஆறு மாத முற்பணம், ஈராண்டு ஒப்பந்தம்" என்ற வரியைச் சிவப்பு வட்டமிட்டிருந்தார். கீழே ஒரே வாக்கியம்: "சேர், நாங்க இதைப் பார்த்துத்தான் வந்தோம்." அந்தப் படத்தை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். நானும் ஒரு சொல் சேர்க்கவில்லை. ஒரு பகல் கழித்துப் பதில் வந்தது: "சரி, போட்டதுபோலச் செய்." அடுத்த கிழமை சட்டத்தரணியின் அலுவலகத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சொல்லுக்குக் காசு கொடாமல் எழுதிய ஒரு வரிக்கு அன்று 570,000 ரூபா பெறுமதி இருந்தது.

விளம்பரத்தை நீக்கச் சென்றபோது, நீக்குவதற்கான காரணம் என்ன என்று அத்தளம் வினவி, சில விடைகளையும் தந்தது. 'வாடகைக்கு விடப்பட்டுவிட்டது' என்பதைத் தெரிந்தேன். அத்தோடு முடிந்ததென எண்ணினால், அதன் பின்பும் அழைப்புகள் வந்துகொண்டேயிருந்தன. தரகர்கள் எடுத்து இட்ட படங்கள் வேறு பக்கங்களில் அப்படியே உள்ளன. என் இலக்கமும் ஒன்றில் இருக்கிறது. வாடகை ஒன்றில் 110,000, மற்றொன்றில் 125,000. இவற்றுள் ஒன்றில், லிப்டையும் துருவையும் பற்றிய வரிகளை எடுத்துவிட்டு, "யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தினருக்கு மட்டும்" என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். இட்ட தரகரை அழைத்துக் கேட்டேன். மனை கொடுபட்டுவிட்டது, எடுத்துவிடுங்கள் என்றேன். அந்த வரியை யார் எழுதச் சொன்னது என்றும் கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. அப்பிடிப் போட்டால் நல்ல வீடெண்டு சனம் நினைக்கும்" என்றார். எடுத்துவிடுவதாகச் சொன்னார். சென்ற கிழமையும் பார்த்தேன். அக்காவின் பல்கணியும், நான் காலை வெளிச்சத்தில் எடுத்த தரையும், அந்த வரியும் அங்கேயே இருக்கின்றன. அப்பல்கணியில் இப்போது ஹற்றனிலிருந்து வந்த தாயாரின் கறிவேப்பிலைச் சட்டி இருக்கிறது. அது அந்தப் படத்தில் இல்லை.